மாப்பிள்ளை பிறந்த வீடு

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் மதுரையில் வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். மேலூர் சோலைமலை அண்ணன் தன் அறுபதாம் கல்யாணத்தன்று மண்டபத் திரையில் வம்சாவளியைக் காட்டச் சொன்னார். மாப்பிள்ளைகள் பிறந்த வீடுகளும் வர வேண்டுமாம்.

புரோகிராம் எளிது. ஒரு வீட்டைத் திற, பிள்ளைகளை எழுது, மாப்பிள்ளை வந்தால் அவர் பிறந்த வீட்டைத் திறந்து இதையே மறுபடியும் செய். என் குடும்பத்தை வைத்துச் சோதித்தேன். வெளியூர் மாப்பிள்ளைகள்தான், ஒழுங்காக ஓடியது.

மண்டபத்தில் பட்டனை அழுத்தினேன். அண்ணனின் அக்கா ராசாத்தி, அவர் மகள் பாண்டியம்மா, மாப்பிள்ளை சோலைமலை. மறுபடியும் ராசாத்தி, பாண்டியம்மா, சோலைமலை. பெயர்கள் இறங்கிக்கொண்டே இருந்தன.

“பெருசு பேரு கீழ கீழ போகுதே, நல்லதுக்கில்லையே,” என்றது ஒரு குரல். மேடையில் அண்ணனின் மனைவி தாலியைப் பிடித்துக்கொண்டார். இது ஓடிய சர்வரில்தான் மற்ற வாடிக்கையாளர்களின் தளங்களும் இருந்தன; அது படுத்தால் அவையும் படுக்கும், என் தொழிலும் முடியும். வீரனான நான் மேசைக்கடியில் ஒளிய இடம் பார்த்தேன்.

“அட கிறுக்கா! நான் கட்டுனது எங்கக்கா மகளை. எம்புட்டுத் தடவ போனாலும் எங்கப்பன் வீட்டுக்குத்தானே வந்து சேரும்?” என்றார் அண்ணன்.

புரோகிராமை நிறுத்தி, ஒரு வரி சேர்த்தேன்: ஏற்கெனவே திறந்த வீட்டை மறுபடி திறக்காதே. பெயர்கள் ஒருமுறை ஓடி நின்றன.

இன்றும் பயம் வந்தால், பழைய பயம்தானா என்று முதலில் பார்ப்பேன். பெரும்பாலும் அதுதான், திருப்பி அனுப்பிவிடுவேன். எப்போதாவது ஒன்று புதிதாக வந்து நிற்கிறது. அதற்கு என்னிடம் வரி இல்லை.