சாயம் போன லைனிங்

"முப்பத்தெட்டு! போன தடவை முப்பத்தாறுதானே? வீட்டுல நல்ல கவனிப்பு போல!" டேப்பை இழுத்தபடியே தெருமுனை வரை கேட்கும்படி அறிவிக்கிறார் தையல் அக்கா. அளவு கொடுக்க வந்தவள் கூனிக் குறுகுகிறாள். பெஞ்சில் காத்திருப்பவர்கள் சிரிக்கிறார்கள், தங்கள் முறை வரும்வரை. வாயில் நான்கு குண்டூசி இருந்தாலும் அக்காவின் பேச்சு தடைப்படாது.

இப்படிப்பட்டவர் போன வருடம் துணிக்கடைக்காரரோடு மூன்று முறை சண்டைக்குப் போனார். தனக்கென்று தைத்த சட்டையின் லைனிங்கில், இடப்பக்கம், பொட்டளவு சிவப்புக் கறை. "சாயம் போற துணிய என் தலையில கட்டிட்டீங்களே!"

"உங்களுக்கு மட்டும், அதுவும் ஒரே எடத்துல சாயம் போகுதுன்னா நான் என்னக்கா பண்றது?" என்ற கடைக்காரர், தொல்லை விட்டால் போதுமென்று வெள்ளைத் துணியாகவே கொடுத்தனுப்பினார்.

அடுத்த வாரம் துவைக்க எடுத்த மகள் கேட்டாள்: "ஏம்மா, வெள்ளைத் துணியில ஏது சாயம்?"

 அன்று அக்கா ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடக்கையாகவே வைத்துத் தைத்தார்.

ஊரார் மார்பளவையெல்லாம் கூவியவர், மகள் கூட்டிப்போன அறுவை மருத்துவரின் முன் உட்கார்ந்து, "இந்த... மேல்பக்கம், டாக்டர்" என்றார்.

"மேல்பக்கம்னா, தலையாம்மா?" என்றார் அந்த டாக்டரம்மா. மார்புக் காம்பிலிருந்து இரத்தம் கசிவதை மகள்தான் சொன்னாள்.

பால்குழாய் ஒன்றுக்குள் மிளகளவு வளர்ச்சி இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. பெரும்பாலும் ஆபத்தில்லாத மருவாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்தக் குழாயை எடுத்துச் சோதித்துவிட வேண்டும் என்றார் மருத்துவர். காம்பைச் சுற்றிய கருவளையத்தின் விளிம்பில் வெட்டுவதாகப் படம் போட்டுக் காட்டியதும் அக்காவுக்கு உயிர் வந்தது. "ஓரத்துலயே வெட்டுங்க. அப்பதான் தையல் தெரியாது" என்று அனுமதி வழங்கினார்.

அறுவை முடிந்ததும் கடைக்கு வந்தவர்களிடம் முதுகுவலி என்று சொல்லிவைத்தார். பத்து நாள் கடையில் எந்த எண்ணும் ஒலிக்கவில்லை.

மறுபடி மருத்துவரிடம் போன அன்று, கண்ணாடி கேட்டு வாங்கித் தழும்பை ஆராய்ந்தார். "நூல் எங்க?"

"உள்தையல்மா. தானா கரைஞ்சிடும்."

"பரவாயில்ல, சுருக்கம் விழாம தச்சிருக்கீங்க."

மருத்துவர் சிரித்துக்கொண்டே அறிக்கையைப் பிரித்தார். "வெறும் மருதான்மா. புற்றுநோய் இல்ல. இனி ஒரு பயமும் வேண்டாம்."

 அக்கா, மேசைமேல் இருந்த மருத்துவரின் கையை எடுத்துத் திருப்பி, ஊசி குத்திய தடம் தேடுவதுபோல் ஒவ்வொரு விரல் நுனியையும் தடவினார். வெளியே அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அக்கா அந்தக் கையை விடவில்லை.