இனயம் பக்கம் ஒரு நாள்: பன்னிரண்டு மணிக்கு அடித்த மணி

வலைத் தகராறில் அடித்துக்கொண்ட இரண்டு கடற்கரை ஊர்கள் ஐந்து மாதம் முன்பு சமாதான ஒப்பந்தம் போட்டன. போன வாரம் யாரோ ஒரு வலையை அறுக்க, ஒரு ஊர் பேச்சுவார்த்தையிலிருந்து எழுந்து போய்விட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு மனித உரிமை அமைப்பு என்னைக் கண்காணிப்புக்கு அனுப்பியது. எழுந்துபோன ஊரில் வாழ்க்கைப்பட்டவர் ஸ்டெல்லா அக்கா. பிறந்தது எதிர் ஊர். கணவர் கல்ஃபில். சண்டையின்போது பிறந்த ஊருக்கு ஓடியவர் சனிக்கிழமை வீடு திரும்புகிறார். பத்திரமாகச் சேர்ந்தாரா என்று எழுத வேண்டியது நான். ஊர்ப் பெயர்கள் வேண்டாம், குமரி மாவட்டத்தில் இனயம் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலை 8.10க்கு நாகர்கோவில் வடசேரியில் கருங்கல் பஸ். 32 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். கருங்கலில் பழம்பொரியும் பாலில்லாத கட்டன்சாயாவும் 25 ரூபாய்; சாப்பிடாமல் போனால் நஷ்டம் உங்களுக்குத்தான். அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் ஆட்டோ, 200 ரூபாய். டிரைவர் ததேயுஸ் என்னை ஸ்டெல்லா அக்கா வாழ்க்கைப்பட்ட ஊரில் இறக்கிவிட்டு, பதினொன்றரைக்கு மேல் எதிர் ஊரிலிருந்து அவரைக் கூட்டிவரப் போனார்.

இந்தக் கடற்கரையில் தகராறு என்றால் மாதா கோயில் மணியை அடிப்பார்கள். கைக்குக் கிடைத்ததோடு ஊரே ஓடிவரும். அதனால் இந்தக் கூட்டமணி அடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

சரியாகப் பன்னிரண்டுக்கு மணி அடித்தது. எதிரே வலை தைத்துக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர் எழுந்து தலைத்துண்டை உருவினார்கள். தீர்ந்தது கதை! ததேயுஸுக்குப் போன் போட்டு, "மணி அடிச்சுட்டாங்க, வண்டியைத் திருப்புங்க" என்று கத்தினேன். நோட்டில் "12.00, மீறல்" என்று எழுதி நிமிர்ந்தால், அவர்கள் சிலுவை போட்டுவிட்டுத் திரும்ப உட்கார்ந்துகொண்டிருந்தார்கள்.

"எதுக்கு சாரே இப்பிடி நடுங்குதீரு?" என்றார் ஒருவர், மரியதாஸ். "பன்னெண்டு மணி செபமணியாக்கும். நீரும் வேதக்காரன்னுதானே சொன்னீரு?"

வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன்தான், ஆனால் இவர்களைப்போலக் கத்தோலிக்கன் அல்ல, நாகர்கோவில் புராட்டஸ்டண்டு. எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமைதான் மணி. சொன்னதும் சிரித்தார்கள் பாருங்கள், வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

மறுபடி போன் செய்தேன். ததேயுஸ் கொடுத்த போனில் ஸ்டெல்லா அக்கா அழுதுகொண்டே, "நான் வரல்ல மக்கா, இனி வரவே மாட்டேன்" என்றார். எல்லாம் பாழாய்ப்போனது என்னால். மரியதாஸ் போனைப் பிடுங்கினார்.

"ஏ ஸ்டெல்லா, செபமணிக்குப் பயந்து ஓடினியா? இது உனக்க ஊரும்தானே. வா பிள்ளே, நான் முக்கில நிக்கேன்."

பேச்சுவார்த்தையிலிருந்து எழுந்து போனவர்களில் அவரும் ஒருவர். 12.50க்கு ஆட்டோ வந்தது. ஸ்டெல்லா அக்கா வீட்டுப் பூட்டு உப்புக்காற்றில் இறுகியிருந்தது. தேங்காயெண்ணெய் விட்டுத் திறந்ததும் மரியதாஸ்தான். எனக்கு அப்படியொரு நிம்மதி.

போகிறவர்களுக்கு: தொப்பி போட்டிருந்தால் செபமணி அடிக்கும் பன்னிரண்டுக்கும் ஆறுக்கும் கழற்றுங்கள். திரும்பும் பஸ் நேரத்தை முன்பே கேட்டுவையுங்கள். நான் கேட்கவில்லை, ஆறு வரை இருக்கவேண்டியதாயிற்று. ஒப்பந்தம் பிழைக்குமா, தெரியாது. இதை எழுதும்வரை பேச்சுவார்த்தை தொடங்கவில்லை.

ஆறு மணிக்கு மறுபடி மணி அடித்தது. நான் எழுந்து நின்றேன். ஸ்டெல்லா அக்கா தன் அடுக்களையில் மீன் வெட்டிய கையைக் கழுவிவிட்டுச் சிலுவை போட்டார், வாசல் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.