பாய்லருக்குள் மூன்று தட்டு

“...அல்லாரும் அத்த எப்டித் தொரத்தறதுன்னுதான் எழுதிகினு கீறீங்க, அண்ணாத்தே. அது இன்னா கேக்குதுன்னு ஒர்த்தராவது எழுதினீங்களா?”

கேட்டது எங்கள் தொழிற்சாலையில் பெருக்குகிற அம்மாள். எழுபதுகளின் தொடக்கம், திருவொற்றியூர். நான் அங்கே டைம் கீப்பர். கையில் அந்த நோட்டு இருந்தது.

நோட்டு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கொட்டகைக் கோடியில் நெருப்பு மூட்டாமல் கிடந்த பழைய பாய்லருக்குள், பகல் சாப்பாட்டு நேரத்தில் யாரோ தட்டுகிற சத்தம் வரும். மோட்சம் போகாமல் உத்தரிக்கிற ஆத்துமா, மாதா கோயில் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிக்க வேண்டும் என்றார்கள் ராயபுரத்து வார்ப்படக்காரர்கள். முனி, சேவல் அறுக்க வேண்டும் என்றார்கள் உள்ளூர்க்காரர்கள்.

“வெயில்ல இரும்பு விரியுது மாமு. முனியாம்! ஓவர்டைம் குடுத்தீங்களா அதுக்கு?” என்பார் ஃபிட்டர். ஆனால் அவரும் அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

பாய்லரை வெட்டி எடுக்க ஆள் வருகிறது என்றதும் சண்டை முற்றியது. யார் சொல்படி எதை முதலில் செய்வது? நான்தான் சொன்னேன்: அது என்னவென்று யாரும் எழுத வேண்டாம். எந்த நேரம், எத்தனை தட்டு, கேட்டது யார், அவ்வளவுதான். பெயர் வைப்பது அவரவர் மனசோடு.

சும்மா சொல்லக்கூடாது, மூன்று கட்சியும் ஒப்புக்கொண்டது. பத்து நாள் எழுதினோம். ஆத்துமாவைக் கேட்டவருக்கும் முனியைக் கேட்டவருக்கும் இரும்பைக் கேட்டவருக்கும் தட்டு மூன்றேதான். ஒரு நாளும் கூடவில்லை, குறையவில்லை. வெட்டுகிற அன்று தீர்த்தம், சேவல், ஃபிட்டரின் சுத்தியல் மூன்றும் வரிசையாக நடக்கட்டும் என்று அதே நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த அம்மாளிடம் மட்டும் யாரும் நோட்டை நீட்டவில்லை. அந்தப் பாய்லருக்குள் சுத்தம் செய்ய இறங்கி மூச்சடைத்து இறந்தவர் அவள் புருஷன். அதனால்தான் அவளுக்கு இங்கே வேலை. தெரிந்தும் நானும் நீட்டவில்லை.

“மூணுன்னா எழுதிக்கீறீங்க?” என்றாள். “வூட்டுக்கு வந்தா அவுரும் மூணுதான் தட்டுவாரு. நாளைக்கு வெட்டிடுவீங்க. அவுருதானான்னு இன்னிக்கு நான் கேட்டுக்கறேன்.”

சாப்பாட்டுச் சங்கு ஊதியது. தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு பாய்லருக்குப் பக்கத்தில் போனாள். அன்று உள்ளே சத்தமே இல்லை. சட்டி மூடியால் ஒரே ஒரு தட்டு தட்டினாள்.

உள்ளேயிருந்து மீதி இரண்டு வந்தது.

ஃபிட்டரைப் பார்த்தேன். அவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

அவள் பாய்லரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சோற்றில் பாதியை மூடியில் எடுத்து வைத்தாள். தன் பங்கைத் தொடாமல், கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.