ராத்திரிக்கென்று ஒதுக்கிய பாதி

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் நடந்த அடிதடியை இப்போது ஆளுக்கொரு வருடத்தில் வைத்துப் பேசுகிறார்கள். நாடு முழுக்க டீசலுக்கு நின்ற வரிசைகள் ஓய்ந்ததற்கு அடுத்த வருடம், மார்ச் மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை என்பதே சரி. மாதக் கடைசி என்பதை அழுத்திச் சொல்கிறேன். கோவில் கமிட்டி பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்தது. இன்டர்நெட் கம்பெனியின் மாதம் ஒன்றாம் திகதி புதுப்பிக்கப்படுவதை யாரும் நினைக்கவில்லை.

கோவில் பள்ளத்தில் இருக்கிறது. அங்கே போனில் பேசலாம், குறுஞ்செய்தி வரும், படம் ஓடாது. கோவிலை ஒட்டிய கடையின் கூரையில் மட்டும் ஒரு குழாயை உயர்த்தி ஆன்டெனா கட்டியிருந்தார்கள். கடைக்காரர் மேற்கணக்கு ஆள். எங்கள் பக்கம் தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் கணக்கு என்போம். எங்களுக்கு மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு. வீட்டு இணைப்புக்கு மாதம் இவ்வளவுதான் என்று கம்பெனி அளந்து கொடுக்கிறது. அதிலும் பாதி பகலுக்கு; மற்றப் பாதி நடுச்சாமத்திலிருந்து விடியும்வரை. பகல் பாதி தீர்ந்தால் எழுத்து மட்டும் ஊர்ந்து ஊர்ந்து வரும்.

வெளிநாட்டில் வேலைசெய்யும் பிள்ளைகள் கேட்டார்கள் என்று அந்த வருடம்தான் முதன்முதலாகத் திருவிழாவை நேரலையில் காட்டினோம். கடைக்காரரின் இணைப்பு, பள்ளிக்கூட மாஸ்டரான என்னுடைய போன். கடைப்படியில் ஒரு முக்காலியில் அதைப் பொருத்திவிட்டுப் பக்கத்தில் நின்றேன்.

காலையிலிருந்தே ஊர் வெறியேறிக் கிடந்தது. கிடாய் வெட்டிய இடத்தில் ரத்தம் செம்மண்ணோடு கலந்து சேறாகி, வந்தவர்கள் காலிலெல்லாம் ஒட்டியது. தப்பு மேளச் சத்தத்தில் கடையின் கண்ணாடிப் போத்தல்கள் அதிர்ந்தன. வழக்கப்படி மேற்கணக்கின் கரகமும் காவடிகளும் முதலில் வந்தன. எல்லாம் துலக்கமாகப் போயிற்று. குவைத்திலிருந்தும் கட்டாரிலிருந்தும் ஆட்கள் திரையில் எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி கீழ்க்கணக்குப் பெண். குவைத்தில் வீட்டுவேலை. முந்தின வருடம் மகள் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோது, பிள்ளை எழுந்தால் புருஷன் பறவைக் காவடி எடுப்பார் என்று அங்கிருந்தே நேர்ந்துகொண்டவள். பிள்ளை எழுந்துவிட்டாள். நேர்த்திக்கடன் இறங்குவதைக் கண்ணால் பார்க்காமல் போனால் மறுபடி பிள்ளைக்கு ஏதாவது வந்துவிடும் என்பது அவளுடைய பயம். வீட்டு எஜமானி வெளியே போயிருந்த நேரம். அந்த அம்மாள் திரும்பினால் போனை வாங்கி வைத்துவிடுவாள். "எங்க ஆளு எப்ப மாஸ்டர்? மேடம் வந்துருவாங்க" என்று மூன்று தடவை எழுதினாள். அடுத்தது கீழ்க்கணக்குதான் என்று பதில் எழுதினேன்.

ஆற்றங்கரையிலிருந்து டிரக்டர் ஏறி வந்தது. அதன்மேல் கட்டிய மரத்திலிருந்து அவளுடைய புருஷன் குப்புறத் தொங்கினார். முதுகிலும் தொடையிலும் கெண்டைக்காலிலும் கொக்கிகள். தோல் கூடாரம்போல இழுபட்டு நின்றது. முன்னால் அவருடைய தம்பி, கரண்ட் கம்பியைத் தூக்கிவிடும் கவட்டை மூங்கிலோடு நடந்து வந்தான். தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறவன், தோள் இரண்டும் கல்.

டிரக்டர் கோவில் வளைவில் திரும்பியதும் என் போனில் படம் உறைந்தது. ஒரு வட்டம் மட்டும் சுழன்றது.

தம்பியின் இடுப்பில் போன் அடித்தது. அண்ணிதான். காதில் வைத்துக் கேட்டான். முகம் மாறியது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு கடைக்கு வந்தான்.

"அண்ணிக்கு ஒண்ணும் தெரியலையாம். எதுக்கு நிப்பாட்டுனீங்க?"

"யாருடா நிப்பாட்டுனது? பகல் டேட்டா முடிஞ்சிருச்சு. பொறு, இந்தா ரீலோட் போடுறேன்" என்றார் கடைக்காரர். காசு வாங்கி டேட்டா ஏற்றிவிடும் ரீலோட்டை விற்பவரே அவர்தான். தன் போனைத் திறந்தார். மெதுவாக ஊர்ந்து முதலில் வந்த பக்கம் மீதியைக் காட்டும் பக்கம். பச்சை வட்டத்தில் ஏறக்குறையப் பாதி நிறைந்திருந்தது.

தம்பி போனைப் பிடுங்கிக் கூட்டத்துக்கு உயர்த்திக் காட்டினான். "பாருங்கடா! பாதி அப்படியே கெடக்கு! முடிஞ்சிருச்சாம்!"

"அது ராத்திரிக்கு உள்ளதுடா!"

"ராத்திரிக்கு எவன்டா காவடி எடுக்கிறான்? ஒங்க கரகம் மட்டும் கட்டார்வரைக்கும் ஆடும், எங்காளு வந்தா வட்டமா சுத்துமா?"

நான் இடையில் புகுந்து விளக்கப் பார்த்தேன். "மாஸ்டர், நீங்களும் மேக்கணக்குதானே" என்று யாரோ என் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார்கள். முக்காலி சரிந்தது.

தம்பி போனைப் படியில் எறிந்துவிட்டுக் கடைக்குள் இருந்த ரவுட்டரைப் பார்த்து மூங்கிலை ஓங்கினான். அது மட்டும் உடைந்திருந்தால் அன்றைக்கு ஒன்றும் செய்திருக்க முடியாது. கடைக்காரர் பாய்ந்து ரவுட்டரை நெஞ்சோடு கட்டிக்கொண்டு குனிந்தார். மூங்கில் அவர் தலையில் விழுந்தது. மறுபடி தோளில். மூன்றாவது அடி வாயில். தேங்காய் உடைகிற சத்தம்தான். அவர் ரவுட்டரை விடவில்லை.

பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று வரிசையாக எழுத என்னால் முடியாது. கொடிக்கம்பு, கற்பூரத் தட்டு, சோடாப் போத்தல், கையில் கிடைத்ததெல்லாம். தப்புக்காரர் ஒருவர் தப்பை மார்பில் கேடயமாகப் பிடித்துக்கொண்டே ஒருவனை உதைத்தார். என்னிடம் படித்த இருவர் ஒருவன் காதை ஒருவன் கடித்துப் பிடித்திருந்தார்கள். பெண்கள் சளைக்கவில்லை, கூந்தலைப் பிடித்து இழுத்துச் சாக்கடைக் கானுக்குள் தள்ளினார்கள். டிரக்டர் ஓட்டி வந்தவனும் கீழே குதித்துக் கைகலப்பில் இறங்கிவிட்டான்.

தொங்கிய மனிதரை எல்லோரும் மறந்துபோனோம். ஒரு கல் மரத்தில் பட்டது. மரம் ஆடியது. தொடைக் கொக்கி ஒன்று சதையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அவருடைய கத்தல் எல்லாச் சத்தத்துக்கும் மேலே கேட்டது.

"டேய்! வண்டி உருளுதுடா!"

டிரக்டர் சரிவில் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. கீழே கல்படிகள், அதற்கும் கீழே ஆறு. அடித்தவனும் அடிபட்டவனும் விட்டுவிட்டு ஓடி வண்டிக்கு முதுகைக் கொடுத்தார்கள். கடைக்காரரின் மனைவி ஓர் அரிசி மூட்டையை இழுத்துவந்து சக்கரத்துக்கு அடியில் தள்ளினாள். மூட்டை வெடித்தது, வண்டி நின்றது. நின்றபின்னும் ஒருவன் பக்கத்தில் முதுகு கொடுத்திருந்தவனை ஓங்கி ஓர் அறை அறைந்தான். திருப்பி அடிக்க அவனுக்கு மூச்சில்லை.

பூசாரி ஓடிவந்து, "எறக்குங்க, கொக்கியக் கழட்டுங்க" என்றார்.

"கழட்டக்கூடாது" என்றார் தொங்கியவர். தொடையிலிருந்து இரத்தம் முழங்கால் வழியாகச் சொட்டியது. "அவ பாக்காம எறக்காதீங்க."

எல்லோரும் கடைக்காரரைப் பார்த்தார்கள். படியில் சாய்ந்து கிடந்தார். மஞ்சள் துணியால் தலையைக் கட்டியிருந்தோம், அது சிவந்துவிட்டது. ரவுட்டர் மடியில் இருந்தது. அதன் விளக்குகள் எரிந்தன. படியில் கிடந்த அவருடைய போனை எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி கீறல்விட்டிருந்தது, உயிர் இருந்தது. ஆனால் அவர் பெருவிரலை வைத்தால்தான் திறக்கும். மூங்கிலோடு நின்ற தம்பி தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"ரீலோட் போடணும்" என்றேன்.

அவர் இரண்டு பல் விழுந்த வாயால் துப்பினார். தம்பியை நெடுநேரம் பார்த்தார்.

"ஒனக்கில்லடா" என்றார். "ஒங்க அண்ணிக்கு."

விரலை வைத்தார். இரத்தத்தில் விரலை அடையாளம் தெரியவில்லை என்றது போன். அவர் மனைவி சேலைத் தலைப்பை நாவால் நனைத்து விரலைத் துடைத்தாள். மறுபடி வைத்தார். மறுபடி துடைத்தாள். திறந்தது. பக்கம் பக்கமாக ஊர்ந்து வந்ததை அவர் ரத்தம் வழியாத ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பார்த்து அமுக்கினார். டேட்டா ஏறியதாகச் செய்தி வந்ததும் நான் என் போனை முக்காலியில் நிறுத்தி டிரக்டரைப் பார்த்துத் திருப்பினேன். வட்டம் சுழன்றது. நின்றது.

தம்பியின் போன் அடித்தது. அவன் அவசரத்தில் எங்கேயோ அமுக்க, அவள் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"தெரியுது தம்பி! தெரியுது, ஆத்தா!" அழுகை. பிறகு, "கீழ படியில ரத்தத்தோட யாரு அது? கடைக்கார அண்ணனா? என்னடா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல அண்ணி. கம்பு தவறி விழுந்திருச்சு."

"எத்தன தடவ விழுந்துச்சுன்னு கேளும்மா" என்றார் கடைக்காரர், படியில் கிடந்தபடியே.

ஒருவரும் சிரிக்கவில்லை. மேலே தொங்கியவர் மட்டும் மரம் குலுங்க விம்மினார்; அது சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியாது. பூசாரி விபூதியை அள்ளி அப்பிக் கொக்கிகளை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினார். ஒவ்வொன்று வரும்போதும் போனுக்குள்ளிருந்து அவள் "ஆத்தா" என்றாள். கடைசிக் கொக்கி கெண்டைக்காலில் இருந்தது. அது வருவதற்குள் அந்தப் பக்கம் ஒரு கதவு திறக்கும் சத்தமும், வேற்றுமொழியில் ஓர் அதட்டலும் கேட்டன. இணைப்பு அறுந்தது.

"பாத்துட்டாளா?" என்று கேட்டார் இறக்கப்பட்டவர்.

தம்பி போனை வெறித்துக்கொண்டு நின்றான். "பாத்துட்டாங்க அண்ணே" என்றான். கடைசிக் கொக்கியைப் பற்றி அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆட்டோ வந்தது. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை கடைக்காரர் தலையை மடியில் வைத்துப் பிடித்திருக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. தம்பி மூங்கிலைக் கானுக்குள் எறிந்துவிட்டு ஏறினான். "நீயா?" என்றாள் கடைக்காரரின் மனைவி. அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். பிறகு அவன் உட்காருவதற்காகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.