வேனை விட்டு இறங்காதவர்

ஐந்தருவிக்குக் கீழே வேன் நிற்கிறது. சாரல் விடவில்லை. நாங்கள் ஜியோகேச்சிங் குழு. யாரோ ஒளித்து வைத்த டப்பாவை ஜிபிஎஸ் வைத்துத் தேடிப் பிடித்து, கண்டுபிடித்தவர்களின் பெயரை இணையத்தில் ஏற்றுவதுதான் விளையாட்டு. மேலே, பாறை இடுக்கில் இருந்த டப்பாவைத் தொட்டுவிட்டு இப்போதுதான் இறங்கியிருக்கிறோம்.

முட்டி வலி என்று தென்காசிக்காரர் செல்வம் வேனிலேயே இருந்துவிட்டார். சேர்ந்து வந்தால் எல்லார் பெயரையும் போடலாம் என்று ஜன்னல் வழியாகக் கத்துகிறார். மலை ஏறாதவர் பெயர் ஏறாது என்கிறார் ஜெபராஜ், கையில் போனோடு. நானும் ஜெபராஜ் பக்கம்தான். பொய்ப் பதிவு என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பாதை முனையில் மங்குஸ்தான் பழம் விற்கும் பெண் செல்வத்தையே பார்க்கிறாள்.

"இந்த அண்ணாச்சியா ஏறலைங்கிய? உங்களுக்கு முன்னால ஒத்தையில போனாவளே. கூப்பிட்டேன், திரும்பியே பாக்கல."

"நான் தூங்கிட்டேன்மா," என்கிறார் செல்வம்.

"கால பாருங்க. அட்டை கடிக்காம இங்கன ஒருத்தரும் எறங்குனதில்ல."

செல்வம் சிரித்தபடி பேண்ட்டைச் சுருட்டுகிறார். செருப்பில் ஈரமே இல்லை. கணுக்காலுக்கு மேலே, ரத்தம் குடித்து உப்பிய அட்டை ஒன்று தொங்குகிறது.

செல்வம் சிரிப்பை நிறுத்திவிட்டு அட்டையையே பார்க்கிறார். ஜெபராஜ் தாழ்ந்த குரலில், "அண்ணாச்சி, உங்க பேரையும் சேத்துருதேன்," என்கிறார்.

செல்வம் அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கிறார்.

"ஏலே, மேல போனது நான் இல்லலே. என் பேரு அங்கன வேண்டாம்லே."