பேங்குக்கு நான் அனுப்பிய வாடிக்கையாளர்

1. மூன்றே கால் மணி

"மேடம், அந்த ஷேர் ஏறும். வித்துடாதீங்க. அஞ்சு நிமிசம் குடுங்க."

போனில் தேவராஜ். ஏறவில்லை. இன்ட்ராடேவில் காலையில் வாங்கியதை அன்றைக்கே விற்றாக வேண்டும். கையில் இருக்கும் பணத்தைப் போலப் பல மடங்குக்கு வாங்கலாம் என்பதுதான் அதன் ருசி. மூன்றே காலுக்கு சிஸ்டம் தானாகவே விற்றுத் தள்ளியது. அவர் மகளின் நர்சிங் காலேஜ் ஃபீஸில் பாதி போயிற்று.

கொரட்டூரில் ஒரு ஷேர் புரோக்கர் கிளையில் இருபத்திரண்டு வருடம் டீலராக இருந்தேன். வாடிக்கையாளர் போனில் சொல்வதை ஆர்டராகப் போடும் வேலை. தேவராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஆபரேட்டர். டீ பிரேக்கில் கூப்பிடுவார். கெட்டிக்காரர்தான். ஆனால் விலை ஆடினால் அவரும் கூடவே ஆடுவார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு நேரிலேயே வந்துவிட்டார்.

"மீதி பாதி கீது இல்ல மேடம், அத்த வெச்சி உட்டத்த இன்னிக்கி புட்ச்சிடலாம். ஃபீஸ் கட்ட இன்னும் பத்து நாள் கீது."

பணத்தை அவருடைய சேமிப்புக் கணக்குக்கே திருப்பி அனுப்பும் பே-அவுட் ஃபாரத்தை எடுத்து நீட்டினேன்.

"முதல்ல இதுல கையெழுத்துப் போடுங்க. இனிமே ஷேர் வாங்கணும்னா உங்க சம்பளம் வர்ற பேங்க்லயே கணக்கு திறந்துக்குங்க. டெலிவரி மட்டும் போதும்னு சொல்லுங்க. வாங்கினா முழுப் பணம் கட்டி வாங்கி வெச்சுக்கணும், அவ்வளவுதான்."

"அங்க புரோக்கரேஜ் கமிஷன் ஜாஸ்தியாமே?"

"ஜாஸ்திதான். ஒவ்வொரு தடவை வாங்கி விக்கும்போதும் வலிக்கும். டீ பிரேக்ல போன் எடுக்க என்னை மாதிரி ஆளும் இருக்காது. உங்களுக்கு அதான் வேணும்."

"இன்னா மேடம், தொரத்துறியா?"

"ஆமா."

கையெழுத்துப் போட்டார். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

2. மேனேஜரின் கேள்வி

"பிராஞ்ச்லயே அதிகமா டிரேட் பண்றவர். அவரைப் போய் பேங்குக்கு அனுப்பியிருக்கீங்க. உங்க சம்பளத்தை அந்த பேங்க்காரனா தர்றான்?"

மேனேஜர் கேட்டது நியாயமான கேள்வி. அந்த மாதம் டார்கெட் போயிற்று, இன்சென்டிவும் போயிற்று. வேலையும் போய்விடுமோ என்று பயந்தேன். பயந்தேனே தவிர, வருத்தப்படவில்லை.

பேங்க் உசத்தி, புரோக்கர் மட்டம் என்று நான் சொல்லவில்லை. ஐயப்பன்தாங்கலிலிருந்து ஓர் ஐ.டி. தம்பதி பேங்க்கில் இருந்த ஷேர் கணக்கை மூடிவிட்டு எங்களிடம் வந்தார்கள். மாதாமாதம் வாங்கிப் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். அவர்களுக்கு எங்களிடம் செலவு குறைவு. வந்தது சரிதான்.

3. காலிக் கட்டம்

மூன்று வருடம் கழித்து தேவராஜ் வந்தார். கூடவே மகள். படிப்பை முடித்து ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். அன்றைக்கு விட்ட பாதி ஃபீஸை ஓவர்டைம் பார்த்துக் கட்டினாராம்.

"இவளுக்கு ஒரு கணக்கு தொறக்கணும் மேடம். மொத சம்பளம் வந்துகீது."

"உங்க பேங்க்லயே திறக்கலாமே?" என்றேன்.

"அது எனக்கு மேடம். நான் பதறுற ஆளு. இவ அப்டி இல்ல. இவளுக்கு இன்னாத்துக்கு அவ்ளோ புரோக்கரேஜ்?"

பேங்க்கா புரோக்கரா என்று கேட்பவர்களிடம், "எது மலிவுன்னு பார்க்காதீங்க, விலை விழற அன்னிக்கு உங்க கை என்ன பண்ணும்னு பாருங்க" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அதை என் வாடிக்கையாளரே எனக்குத் திருப்பிச் சொன்ன பெருமையோடு, புதுக் கணக்கு ஃபாரத்தை எடுத்து அவர் மகள் முன் வைத்தேன்.

அந்தப் பெண் ஃபாரத்தில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தாள். ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்று ஒரு கட்டம் வரும். வருங்கால விலை மேல் கட்டும் பந்தயம், இன்ட்ராடேவுக்கு அண்ணன் அது. அவள் பேனா அங்கே போனதும், நான் வாய் திறப்பதற்கு முன்பே தேவராஜ் அந்தக் கட்டத்தின் மேல் கையை வைத்து மூடினார்.

"அத்த உட்டுடும்மா. மேடம் நம்மள தொரத்திடுவாங்க."