எண்ணிப் பார்க்காத சட்டைப்பையும் போகாத கட்டார் பயணமும்

"நான் கட்டாருக்குப் போகலாம் எண்டு இருக்கிறன்" என்று என் கணவர் சொன்னபோது நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஆவணி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. என் கணவர் திருகோணமலைத் துறைமுகத்துப் பக்கம் ஒரு சிறிய சபையின் போதகர். சபையில் அநேகம் பேர் கடற்றொழில் செய்கிறவர்கள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவரை வேதப் புத்தகத்தோடு பார்த்திருக்கிறேனே தவிர, வெளிநாட்டுப் பேச்சோடு பார்த்ததில்லை.

"அங்க போய் என்ன செய்யப் போறீங்கள்?"

"வான் ஓட்டப் போறன். ஏஜென்சியில கதைச்சிட்டன். பாஸ்போட்டும் குடுத்திட்டன். அடுத்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பிளைட்."

"அப்ப சபை?"

அவர் மெல்லச் சொன்னார். "ஊரைப் பாக்கிற எனக்கு என்ர வீட்டைப் பாக்க ஏலாமல் போச்சுது."

அவர் சொன்னது உண்மைதான். லிங்கநகரில் நாங்கள் இருந்தது வாடகை வீடு. பல மாத வாடகை நிலுவை. வீட்டுக்காரர் மூதூரைச் சேர்ந்த முஸ்லிம் பெரியவர், நல்ல மனிதர். ஆனால் அவருடைய மகளுக்கும் கலியாணம் வந்துவிட்டது. அதற்கு முந்தின வாரம் வந்தவர் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுச் சொன்னார்.

"பாஸ்டர், எனக்காக நீங்க ஜெபம் பண்ணுறீங்க, சந்தோசம். வாடகையையும் தந்தீங்க எண்டா நானும் உங்களுக்காக துஆ கேப்பன்."

எல்லோரும் சிரித்தோம். அவர் போன பிறகு என் கணவருக்கு முகமே சரியில்லை.

காணிக்கை வராமல் இல்லை. எங்கள் சபையில் ஒரு பழக்கம். ஆராதனை முடிந்து வாசலில் போதகருக்குக் கைலாகு கொடுக்கும்போது மடித்த நோட்டு ஒன்று கைக்குக் கை மாறும். தருகிறவர் சொல்லமாட்டார், வாங்குகிறவர் பார்க்கமாட்டார். அப்படியே சட்டைப்பைக்குள் போய்விடும். ஞாயிறு மத்தியானம் பாஸ்டரின் சட்டைப்பை நிறைந்திருக்கும் என்பது எங்கள் சந்தி முழுக்கத் தெரியும். மருந்துக்கு ஒருவர், பஸ் காசுக்கு ஒருவர், சும்மா ஒருவர் என்று காத்து நிற்பார்கள். இவரும் பார்க்காமலே எடுத்துக் கொடுப்பார். வீட்டுக்கு வந்து சேர்வது பாணுக்கும் பருப்புக்கும் மட்டும்தான் காணும்.

"இண்டைக்கு எவ்வளவு வந்தது?" என்று நான் கேட்டால் ஒரே பதில்தான். "தாவீது ராஜா ஜனங்களை எண்ணப் போய்த்தானே நாட்டுக்குக் கொள்ளைநோய் வந்தது! எண்ணக் கூடாது, அம்மா." நானும் சிரித்துவிடுவேன். எண்ணாமல் இருப்பதுதான் விசுவாசம் என்று இருவருமே நம்பியிருந்தோம்.

அந்தத் திங்கட்கிழமை எனக்குச் சிரிப்பு வரவில்லை. உபவாசம் இருந்தேன். அழுதேன். "ஆண்டவரே, இவரை நீரே அழைத்தீர். இப்போது வான் ஓட்ட அனுப்பப் போகிறீரா?" என்று கேட்டேன். யாராவது ஒருவர் மூலம் ஒரு பெரிய தொகையை அனுப்பும் என்று மன்றாடினேன்.

கர்த்தர் தொகை அனுப்பவில்லை. ஒரு அக்காவை அனுப்பினார்!

அதே வாரம் கந்தளாயில் இருக்கிற ஒரு போதக நண்பர் கூப்பிட்டார். ஊழியக் குடும்பங்களுக்கு வீட்டு வரவுசெலவு பற்றி ஒருநாள் கூட்டமாம். "ஊழியக்காரனுக்கு என்ன வரவு, என்ன செலவு?" என்று இவர் முணுமுணுத்தார். நண்பரின் முகத்துக்காகத்தான் வந்தார்.

பேசியவர் ரூபி அக்கா. அவரும் ஒரு போதகரின் மனைவி, கணக்கு வேலை பார்க்கிறவர். எடுத்த எடுப்பிலேயே முன்வரிசையில் இருந்த என் கணவரைப் பார்த்துக் கேட்டார்.

"பாஸ்டர், போன மாதம் உங்கட வீட்டுக்கு எவ்வளவு வந்தது?"

"ஆண்டவருக்குத் தெரியும், சிஸ்டர்."

"ஆண்டவரிட்ட நான் பிறகு கேக்கிறன். இப்ப உங்களிட்டத்தான் கேக்கிறன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இவர் விடவில்லை. தாவீதைச் சொன்னார். அது எடுபடாமல் போக, வனாந்தரத்தில் வானத்திலிருந்து விழுந்த மன்னாவைச் சொன்னார். "அதைச் சேத்து வைச்சவனுக்குப் புழுத்தானே மிஞ்சினது?"

"ஓம். ஆனா ஆறாம் நாள் சேத்து வைச்சதில புழு வந்ததோ, பாஸ்டர்? ஓய்வுநாளுக்கும் சேத்து இரண்டு பங்கு எடுங்கோ எண்டு சொன்னவரும் அவர்தானே. அண்டைக்குப் பானைக்குள்ள என்ன கிடக்குது எண்டு பாத்தவையெல்லாம் அவிசுவாசிகளோ?"

இதுதான், இதுதான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சத்தம். எழும்பி நின்று அல்லேலூயா சொல்லவேண்டும் போல் இருந்தது!

சாப்பாட்டு நேரம் ரூபி அக்காவிடம் கட்டார் கதையைச் சொன்னேன். "சபைக்குச் சொன்னனீங்களோ?" என்று கேட்டார். வெட்கமாயிருக்குது என்றேன். "ஒவ்வொரு ஞாயிறும் ஒரு குறையும் இல்லை எண்டு பிரசங்கிச்சா ஆக்கள் நம்பத்தானே செய்வினம்? உங்கட சனத்தை நம்பிப் பாருங்கோ, பிள்ளை."

திரும்பி வரும் பஸ்ஸில் இவர் யன்னல் பக்கம் பார்த்தபடி வந்தார். இறங்கும்போது ஒரு வார்த்தைதான் சொன்னார். "ஞாயிறு சொல்லுறன்."

சொன்னார்! பிரசங்கத்தை முடித்து, பிரசங்க மேடையிலிருந்து இறங்கி வந்து, வாடகை நிலுவையையும் பயணத்தையும் மறைக்காமல் சொன்னார். பிறகு வள்ளம் வைத்திருக்கிற எங்கள் மூப்பர் மரியதாஸ் அண்ணன் எழும்பினார்.

"பாஸ்டர், உங்களுக்கு வெளிநாட்டிலயிருந்து மாதாமாதம் சம்பளம் வருது எண்டல்லோ நாங்கள் நினைச்சனாங்கள்!"

"எனக்கோ? ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. ஒரு குறையும் இல்லை, ஒரு குறையும் இல்லை எண்டு நீங்கள்தானே சொல்லுறீங்கள். அப்ப எங்கயோ இருந்து வருது எண்டுதானே நினைப்பம்?"

பின்வரிசைப் பாயிலிருந்து செல்லம் மாமியின் சத்தம். "அப்ப நான் பொத்திப் பொத்தித் தந்ததெல்லாம் சந்தியில நிக்கிறவனுக்குத்தான் போனதோ? அவன் என்னைவிடக் கொழுத்திருக்கிறான்!"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மரியதாஸ் அண்ணனின் கண்ணும் கலங்கியிருந்தது. "எங்களை விட்டிட்டுப் போகப் பாத்தனீங்களே, பாஸ்டர். நாங்கள் என்ன பிறத்தியாரோ?"

அன்றைக்கே சபை கூடியது. மாதம் பிறந்தால் போதகர் குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை எல்லோருக்கும் தெரியத் தீர்மானித்தார்கள். பெரிய தொகை இல்லை. ஆனால் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்! அதை வைத்து வாடகையைத் திட்டம் பண்ணலாம், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சப்பாத்தைத் திட்டம் பண்ணலாம். நிலுவையை மாதாமாதம் சேர்த்துத் தருகிறோம் என்று மூதூருக்குப் போய்ச் சொன்னோம். வீட்டுக்காரர் சம்மதித்து மகளின் கலியாணத்துக்கும் வரச் சொன்னார். சனிக்கிழமை பின்னேரங்களில் நானும் இவரும் இருந்து, வீட்டுக்கு எவ்வளவு, தானத்துக்கு எவ்வளவு என்று பேசி வைக்கிறோம். இவர் இப்போதும் கொடுக்கிறார். பார்த்துக் கொடுக்கிறார்.

சபை கூடிய அடுத்த நாளே இவர் பாஸ்போட்டைத் திருப்பி எடுக்க ஏஜென்சிக்குப் போனார். அங்கே இருந்த பொடியனுக்குக் கோபம்.

"என்ன பாஸ்டர், வந்த சான்ஸை விடுறீங்கள். விசர் பிடிச்சிட்டுதோ?"

"இல்லைத் தம்பி. இப்பதான் தெளிஞ்சது."

அவர் விமானம் ஏறவேண்டியிருந்த அந்த வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் எல்லோரும் கடற்கரையில் நின்றோம். மரியதாஸ் அண்ணனின் மருமகளுக்கும் இன்னும் சிலருக்கும் ஞானஸ்நானம். என் கணவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று அவளை முழுக்காட்டி எழுப்பினார். சபை பாடியது. நான் தலை துவட்டத் துவாயோடு மணலில் நின்று அழுதேன், சிரித்தேன். இந்நேரம் கொழும்பில் விமானத்துக்கு வரிசையில் நின்றிருப்பார். இதோ, கடலுக்குள் நின்று அடுத்த ஆளைக் கைகாட்டிக் கூப்பிடுகிறார்! கர்த்தர் நல்லவர், மெய்யாகவே நல்லவர்!

ஊழியத்தில் இருக்கிற சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மௌனம் இருக்கலாம். வெட்கப்படாதீர்கள். வீட்டில் உள்ளதையும் இல்லாததையும் கணவனும் மனைவியுமாகப் பாருங்கள். ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் தந்த ஜனத்திடமும் வாய் திறந்து சொல்லுங்கள். நான் வானத்தைப் பார்த்து ஜெபித்தேன். என் பதில் ஒவ்வொரு ஞாயிறும் என் முன்னாலேயே பாயில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது.